மஞ்சள் காரில் மாப்பிள்ளை அழைப்பு

கார் வேகத்தடையின் மேல் வயிற்றை வைத்துப் படுத்துவிட்டது. முன் சக்கரங்கள் பதுளைப் பக்கம் இருந்தன, பின் சக்கரங்கள் ஸ்பிரிங்வெளிப் பக்கம் இருந்தன. அந்தப் பக்கமும் போகவில்லை, இந்தப் பக்கமும் வரவில்லை.

"நான் இறங்கவா?" என்றாள் நிரஞ்சலா.

"கொஞ்சம் பொறு. மெதுவா எடுத்துப் பாக்குறேன்."

விஜேந்திரன் மெதுவாக எடுத்தான். அடியில் தகரத்தைச் சுரண்டுவதுபோல் ஒரு சத்தம் கேட்டது. பதுளை நகரில் சொந்தமாகப் பல் கிளினிக் நடத்துகிறவன் அவன். எத்தனையோ பேர் பல்லைச் சுரண்டியிருக்கிறான், ஒரு நாளும் கலங்கியதில்லை. இப்போது கண்ணை இறுக்கி மூடிக்கொண்டான்.

பின்னால் வந்த பஸ்ஸிலிருந்து நாலைந்து பேர் தாமாகவே இறங்கி வந்தார்கள்.

"இன்னைக்கும் தூக்கணுமா டொக்டர்?"

"பின்பக்கம் மட்டும் தூக்கினாப் போதுங்க."

தூக்கினார்கள். தூக்கியவர்களில் ஒருவர் கையைத் தட்டிக்கொண்டே மரியாதையாகக் கேட்டார்:

"இது எவ்வளவு வேகம் ஓடுங்க?"

"மணிக்கு இருநூத்தி எம்பது கிலோமீட்டர் ஓடும்."

"எங்கங்க ஓடும்?"

விஜேந்திரன் காரைக் கிளப்பினான்.

ஜப்பானில் பந்தயத் திடலில் ஓட்டுவதற்கென்றே செய்த கார் அது. தியத்தலாவைப் பந்தயங்களில் ஓட்டிய ஒருவர், இடுப்பு வலி தாங்காமல் ஓய்வெடுத்தபோது இவனுக்கு விற்றார். பின் இருக்கை இல்லை, அந்த இடத்தில் இரும்புக் கம்பிக் கூடு. ரேடியோ இல்லை, ஏசி இல்லை. பாரம் குறைக்க வேண்டுமென்று கதவின் உள்தகடுகளைக்கூடக் கழற்றியிருந்தார்கள். இருக்கை இரண்டும் கிணறு மாதிரி. உட்கார்ந்தபின் தோளிலும் இடுப்பிலுமாக நாலு பட்டிகளைப் பூட்ட வேண்டும்.

"வேற கார் வாங்கலாமே, வேலைக்குப் போக வர" என்று எல்லோரும் சொன்னார்கள். விஜேந்திரன் கேட்கவில்லை. சின்ன வயதில் தியத்தலாவையில் வேலிக்கு வெளியே நின்று பார்த்தவன் அவன். செம்மண்ணைக் கிளப்பிக்கொண்டு ஒரு கார் வளைவில் திரும்பிய நிமிஷத்தில் மூச்சை விட மறந்து நின்றவன். அந்த மூச்சை இப்போதுதான் விடுகிறேன் என்று மனைவியிடம் சொல்லியிருந்தான். நிரஞ்சலா பள்ளிக்கூடத்தில் கணிதம் கற்பிக்கிறவள். அந்தக் கணக்கு மட்டும் அவளுக்கு விளங்கவில்லை; ஆனாலும் எதிர்க்கவில்லை.

வேகத்தடைக்கு அவன் ஒரு வழி கண்டுபிடித்தான். இரண்டு பலகைகளை வாங்கி, தடையின் முன்னும் பின்னும் போட்டுச் சரிவாக்கி ஏறுவது. வழி சரிதான். பலகையை வைக்க காரில் இடம் இல்லை. நிரஞ்சலாவின் இருக்கையில் பலகைகள் உட்கார்ந்தன, நிரஞ்சலா பஸ்ஸில் போனாள். ஒவ்வொரு தடையிலும் விஜேந்திரன் பட்டியைக் கழற்றி, கிணற்றிலிருந்து ஏறி, பலகை போட்டு, மறுபடி இறங்கி, பட்டியைப் பூட்டி, ஏற்றி, மறுபடி வெளியே வந்து பலகை பொறுக்கினான். பஸ் அவனைத் தாண்டிப் போகும்போது நிரஞ்சலா ஜன்னலோரம் இருந்து கை காட்டுவாள்.

அடுத்தது சத்தம். கிளினிக்கின் பின்பக்கம் கொண்டுபோய் நிறுத்தினால், கட்டடம் முழுக்க அதிர்ந்தது. காத்திருக்கும் நோயாளிகள், உள்ளே பெரிய மெஷினில் யாருக்கோ பல் பிடுங்குகிறார்கள் என்று நினைத்து எழுந்து போய்விட்டார்கள். அதனால் காரைக் கொஞ்சம் தூரத்தில், பஸார் முனையில் நிறுத்தினான். அன்றைக்குக் காத்திருக்கும் அறையில் ஒருவரும் இல்லை.

"ஷாகிரா, இன்னைக்கு யாருமே வரல்லையா?"

கிளினிக்கில் அவனுக்கு உதவியாக இருந்த ஷாகிரா எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "வந்தாங்க டொக்டர். எல்லாரும் காருக்கிட்ட நிக்கிறாங்க. சாமான எடுத்துட்டு நீங்களும் அங்கயே போனா லேசு."

போய்ப் பார்த்தான். உண்மைதான். வீங்கிய கன்னத்தைப் பிடித்துக்கொண்டு ஒருவர், வாயில் துணியைக் கடித்துக்கொண்டு ஒருவர். வலியை மறந்து, கோயில் கர்ப்பக்கிருகத்தைப் பார்ப்பதுபோல் காரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருவர் மட்டும் தரையில் முட்டி போட்டு, தலையைச் சாய்த்து, காரின் அடிப்பாகத்தைப் பார்த்தார். அப்புறம் எழுந்து நின்று பெருமூச்சு விட்டார்.

"அற்புதமா இருக்குங்க" என்றார்.

அவர் பெயர் ரெங்கசாமி. மடுல்சீமைக்கும் மேலே, மலை முடியும் இடத்தில் உள்ள ஒரு தேயிலைத் தோட்டப் பிரிவிலிருந்து கடைவாய்ப் பல்லைப் பிடுங்க வந்தவர். பல்லைப் பிடுங்கி முடிந்ததும் வாயில் பஞ்சுடனே பேசினார்.

"வர்ற வைகாசியில நம்ம புள்ளைக்குக் கல்யாணம் டொக்டர் ஐயா. மாப்பிள்ளைய உங்க கார்ல கூட்டியாரணும். எங்க ஊருக்கு இப்பிடி ஒரு காரு வந்ததே இல்லைங்க."

விஜேந்திரனுக்கு நெஞ்சு நிறைந்தது. இந்த ஊரில் எல்லோரும் காரைத் தூக்கத்தான் வந்தார்கள், அழைக்க யாரும் வந்ததில்லை.

"ரோடு எப்பிடி?"

"ரோடு இருக்குங்க" என்றார் ரெங்கசாமி.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னான்.

"ரோடு இருக்குன்னா? நல்லா இருக்குன்னு சொன்னாரா?"

"இருக்குன்னு சொன்னார்."

"அவ்வளவுதான் சொன்னாரா?"

"நிரஞ்சலா, ஒரு மனுசன் வாயில பஞ்சு வச்சுக்கிட்டு எவ்வளவு சொல்லுவான்?"

கல்யாணத்தன்று காலையில் நிரஞ்சலா பலகைகளை மடியில் இடுக்கிக்கொள்ள, இருவரும் புறப்பட்டார்கள். பசறையைத் தாண்டியதும் வழி திறந்துகொண்டது. புதுத் தார், ஒன்றன்பின் ஒன்றாக வளைவுகள், எதிரே வாகனம் இல்லை. விஜேந்திரன் காலை அழுத்தினான். இத்தனை நாளும் முனகிக்கொண்டிருந்த கார் வாய் திறந்து பாடியது. வளைவுக்குள் அது சரியவில்லை, அசையவில்லை. மலையோடு ஒட்டிக்கொண்டு சுற்றியது. தேயிலைச் சரிவுகள் பச்சைத் தண்ணீராக ஓடின. பனி பிளந்து வழிவிட்டது. நிரஞ்சலா பலகையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். வேகம் குறைந்தபின்தான் கவனித்தான், அவள் கண் கலங்கியிருந்தது.

"பயந்துட்டியா?"

"இல்ல" என்றாள். "இது இப்பிடின்னு நீங்க சொல்லவே இல்லையே."

மடுல்சீமைச் சந்தியில் மாப்பிள்ளை நிஷாந்த் பட்டு வேட்டியும் மாலையுமாக நின்றான். அவன் ஏறுவதற்காக நிரஞ்சலா இறங்கி, பலகைகளோடு, பின்னால் வந்த மாப்பிள்ளை வீட்டாரின் டிராக்டரில் ஏறிக்கொண்டாள். நிஷாந்தைக் கிணற்றுக்குள் இறக்கி நாலு பட்டிகளையும் பூட்டினார்கள். ஒரு பட்டியின் பூட்டில் மாலையின் நார் சிக்கிக்கொண்டது. அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று கிளம்பினார்கள்.

தோட்டத்துப் பாதை தொடங்கியது. அதைப் பாதை என்று சொன்னவர்கள் நல்ல மனசுக்காரர்கள். வெள்ளைக்காரன் காலத்தில் போட்ட கல், மழை அரித்து, பல் விழுந்த ஈறுமாதிரி இருந்தது. முதல் குழியில் டிராக்டரிலிருந்து பலகை வாங்கிப் போட்டுத் தாண்டினான். இரண்டாவதில் பலகை முறிந்தது. குழிக்கு ஒதுங்கி ஓரமாக எடுத்தபோது பின் சக்கரம் சேற்றில் இறங்கியது. சேற்றிலிருந்து கிளப்ப அழுத்தியபோது கார் முன்னே பாய்ந்து ஒரு பாறையின் மேல் வயிற்றை வைத்துக்கொண்டது. நாலு சக்கரங்களும் காற்றில் சுற்றின.

"மாப்பிள்ளை, நீங்க இறங்கி நடந்துருங்க. முகூர்த்தம் தப்பிடும்."

நிஷாந்த் பூட்டை அழுத்திப் பார்த்தான். திறக்கவில்லை.

"பரவாயில்லைங்க டொக்டர்" என்றான் நிதானமாக. "ஆளுங்க வந்துருவாங்க."

ஆட்கள் வந்தார்கள். மேல் வளைவிலிருந்து நாற்பது பேருக்குக் குறையாமல் இறங்கி வந்தார்கள். தோளில் நீளமான மரக் கம்புகள், கையில் கயிறு, தலையில் சும்மாடு. கூடவே தப்பு மேளச் செட்டும் வந்தது. ரெங்கசாமி முன்னால் வந்து கும்பிட்டார்.

"இறங்காதீங்க டொக்டர் ஐயா. நீங்க ஸ்டியரிங்கை மட்டும் புடிச்சுக்குங்க."

காருக்கடியில் கம்புகள் நுழைந்தன. ஒரு குரல் "ஏலேலோ" என்றது. நாற்பது குரல்கள் பதில் சொல்லின. கார் எழுந்தது. பாறையை விட்டு, சேற்றை விட்டு, தேயிலைச் செடிகளின் தலைக்கு மேல் எழுந்தது. தப்பு முழங்கியது. மஞ்சள் கார் தேர்போல் ஆடி ஆடி மலை ஏறியது.

விஜேந்திரன் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டிருந்தான். வளைவு வந்தபோது திருப்பினான். ஏன் திருப்பினான் என்று அவனுக்கே தெரியாது. ஒவ்வொரு முடக்கிலும் பெண்கள் போனை உயர்த்திப் படம் பிடித்தார்கள். பனிக்குள் எங்கேயோ கீழே டிராக்டரில் நிரஞ்சலாவின் முகம் அண்ணாந்து தெரிந்தது.

ஜன்னலோரமாகக் கம்பு சுமந்து வந்தவனிடம் தாங்க முடியாமல் கேட்டான்: "ரொம்பக் கஷ்டமா இருக்கா தம்பி?"

"பழக்கந்தாங்க. போன மாசம் என் பொஞ்சாதிய இதே பாதையில இப்பிடித்தான் தூக்கிட்டு எறங்குனோம். ஆம்புலன்ஸ் சந்தியோட நின்னுருமுங்க. பாதி வழியில புள்ள பொறந்துருச்சு."

"புள்ள சுகமா?"

"நல்ல சுகங்க. அழுதா உங்க காரு தோத்துரும்."

விஜேந்திரன் சிரித்தான். அப்புறம் சிரிப்பு நின்றுவிட்டது. முன்கண்ணாடி வழியாக, அசைந்து போகும் தலைகளையும் தோள்களையும் பார்த்துக்கொண்டே வந்தான். காலையில் பசறை வளைவுகளில் அவன் கண்ட பலம் கொஞ்சம்தான் என்று தோன்றியது. இவர்கள் களைத்தபோது அடுத்த வரிசை சத்தமில்லாமல் தோள் மாற்றியது; கார் ஒரு விரற்கடைகூட இறங்கவில்லை. வேலிக்கு வெளியே நின்ற சின்னப் பையனைப்போல அவன் மூச்சை விட மறந்திருந்தான்.

காரைக் கோயில் வாசலில் இறக்கி, மாலையின் நாரை அறுத்து மாப்பிள்ளையை மீட்டார்கள். தாலி நேரத்துக்குக் கட்டப்பட்டது.

மறுநாளே அந்தப் படம் நாடெல்லாம் போனது. இருநூற்று எண்பது ஓடும் கார் மனிதர் தோளில் போகிறது என்று டிவியில் காட்டினார்கள். கடல் கடந்தும் பார்த்தார்கள். முதலில் சிரித்தார்கள், பிறகு அது எந்த ரோடு என்று கேட்டார்கள். கேட்டவர்கள் கூடக் கூட, பொறுப்பானவர்கள் மேலே வந்து பார்க்க வேண்டியதாயிற்று. அவர்கள் வந்த ஜீப்பையும் தூக்கித்தான் கொண்டுபோனார்களாம். ஆடியில் மெஷின்கள் ஏறின. கார்த்திகை மழைக்கு முன்னால் சந்தியிலிருந்து கோயில்வரை கொங்கிரீட் பாதை போட்டு முடிந்தது.

முதல் காராக உங்கள் கார்தான் வர வேண்டும் என்று ரெங்கசாமி நேரில் வந்து அழைத்தார். விஜேந்திரனும் நிரஞ்சலாவும் போனார்கள். ஓர் இடத்தில்கூட அடி தட்டவில்லை. லயத்து வரிசை வீடுகளின் வாசல்களில் எல்லோரும் வந்து நின்றார்கள். கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஒரு பெண், சிரித்துக்கொண்டே ஓடி வந்து பார்த்தாள்.

ரெங்கசாமி வீட்டில் வடையும் தேத்தண்ணீரும் வைத்தார்கள். விஜேந்திரனுக்குப் பெருமை தாங்கவில்லை. ஆனாலும் அடக்கமாகவே சொன்னான்.

"நான் என்ன செஞ்சேன்? கார் மாட்டுனதும் ஒரு நல்லதுக்குத்தான். எல்லாம் தற்செயல்."

ரெங்கசாமி சட்டென்று கூரையைப் பார்த்தார். புது மாப்பிள்ளை நிஷாந்துக்குத் தேத்தண்ணீர் புரையேறியது. நிரஞ்சலா இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

அடுப்படியிலிருந்து வடைத் தட்டோடு வந்த ரெங்கசாமியின் அக்கா பெரியாயி, டொக்டரின் பேச்சை மட்டும் கேட்டவளாக, வெள்ளந்தியாகச் சொன்னாள்:

"மொதல்ல பண்டாரவளை மொதலாளி ஒருத்தரு காரைத்தாங்க போய்ப் பாத்தாங்க, அது கொஞ்சம் ஒசரம், எங்கயும் மாட்டாம மேல வந்துரும்னுதான் அத வேணாம்னுட்டு உங்க காருக்கு வந்தாங்க."