ஹனி பிஸ்கட்டின் உரிமையாளர்

உரிமை மாற்ற விண்ணப்பம் பதிவு அலுவலகத்திலிருந்து இரண்டாவது முறையாகத் திரும்பி வந்தபோது வெர்லின் ஸ்டக்கி குதிரைக்கு வைக்கோல் போட்டுக்கொண்டிருந்தார். கையை பேன்ட்டில் துடைத்துக்கொண்டு உறையைப் பிரித்தார். உள்ளே அவர் அனுப்பிய அதே தாள். விற்பவர் கையெழுத்தைச் சுற்றிச் சிவப்பு மையில் ஒரு வட்டம். இவர் எங்கள் பதிவேட்டில் உள்ள உரிமையாளர் அல்ல என்று பக்கத்தில் எழுதியிருந்தது.

குதிரை என்றதும் நீங்கள் பெரிதாக எதையும் நினைத்துக்கொள்ளக் கூடாது. முப்பத்திரண்டு அங்குலம், வெர்லினின் இடுப்பைத் தொடாது. கறுப்பு நிறம், பெயர் ஹனி பிஸ்கட். கறுப்புக் குதிரைக்கு இந்தப் பெயரை எந்தப் புண்ணியவான் வைத்தானோ தெரியவில்லை. இந்தக் குள்ளக் குதிரைகளுக்கு அப்பா, அம்மா, பிறந்த தேதி, நிறம், உயரம், சொந்தக்காரர் எல்லாம் எழுதிய பதிவுப் பத்திரம் ஒன்று உண்டு. அது கையில் இல்லையென்றால் எங்கள் ஒக்லஹோமாவில் அதைக் குதிரையாகவே மதிக்க மாட்டார்கள். புல் தின்னும் நாய் என்பார்கள்.

வெர்லினுக்கு ஊர் மதிப்பைப் பற்றிக் கவலை இல்லை. அவருக்கு அந்தப் பத்திரத்தில் ஒரே ஒரு வரிதான் வேண்டும். சொந்தக்காரர் என்ற இடத்தில் நோரீன் என்று இருக்க வேண்டும்.

நோரீன் அவர் மனைவி. ஜனவரியில் இறந்துபோனாள். முப்பத்தோரு வருடக் குடித்தனத்தில் அவள் வாய்விட்டுக் கேட்டது ஒரு குள்ளக் குதிரை மட்டும்தான். வெர்லின் பள்ளிக்கூட பஸ்களைப் பழுதுபார்த்தவர். ஆளை ஏற்றிக்கொண்டு போகாத எதுவும் அவர் கணக்கில் வண்டியும் இல்லை, குதிரையும் இல்லை. "ஏறி உக்கார முடியாத குதிரை எதுக்கு?" என்பார். அவள் சிரித்துவிட்டுப் பேச்சை மாற்றுவாள். கடைசி சில வருடங்களில் கேட்பதையே விட்டுவிட்டாள். ஒருவழியாகப் புத்தி வந்துவிட்டது என்று அப்போது சந்தோஷப்பட்டோமே என்பதை நினைத்தால் இப்போது அவருக்குச் சோறு இறங்குவதில்லை.

மே மாதம் தீவனக் கடைப் பலகையில் விளம்பரத்தைப் பார்த்தார். அன்று மாலையே குதிரையைப் பிக்கப்பின் பின்சீட்டில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார்.

விற்றவன் டப் ரஸ்கோ. ஏப்ரலில்தான் ஒரு பண்ணையை ஏலத்தில் எடுத்திருந்தான். திரும்பி வந்த தாளோடு வெர்லின் அவனைத் தேடிப் போனார்.

"குதிரை உன்னோடது இல்லையாமே?"

"என்னோடதுன்னு நான் எப்பய்யா சொன்னேன்? விக்கறேன்னுதான் சொன்னேன்."

"யாரோடது?"

"கொட்டகையோட வந்துச்சு. முன்னாடி இருந்தவன் காசு வாங்கிட்டு ஊரார் குதிரையெல்லாம் வச்சுப் பாத்துக்கிட்டிருந்தான். மத்தவங்க வந்து ஓட்டிட்டுப் போயிட்டாங்க, இதுக்கு மட்டும் யாரும் வரல. அவனைக் கேக்கலாம்னா அரிசோனா போய் உக்காந்துக்கிட்டு போனை எடுக்க மாட்டேங்கறான். கொட்டகைக் கதவுல குதிரையோட பேரும் பதிவு நம்பரும் ஒட்டியிருந்துச்சு. அதைத்தான் உன் தாள்ல எழுதிக் குடுத்தேன்."

அந்தப் பதிவு நம்பரைச் சொல்லி விசாரிக்க வெர்லின் பதிவு அலுவலகத்துக்குப் போன் செய்தார். எடுத்தது கிளெண்டா என்ற பெண்மணி. குரலில் கனிவு இருந்தது, பதிலில்தான் ஒன்றும் இல்லை. குதிரைக்கு உரிமையாளர் இருக்கிறார், இந்த வருடச் சந்தாவைப் போன டிசம்பரிலேயே கட்டிவிட்டார், அவர் கையெழுத்து இல்லாமல் பெயர் மாற்ற முடியாது, அவர் யார் என்று சொல்லவும் விதி இல்லை. கடிதம் எழுதி அனுப்பினால் உரிமையாளரின் விலாசம் ஒட்டி அவருக்கு அனுப்பி வைப்பார்களாம்.

போனை வைப்பதற்கு முன் வெர்லின் தயங்கித் தயங்கி, காலமான தன் மனைவி பெயரில் இந்தக் குதிரையைப் பதியலாமா என்று கேட்டார்.

"செத்தவங்க பேர்ல குதிரை இருக்க முடியாது சார்," என்றாள் கிளெண்டா. சொல்லிவிட்டு, மன்னிச்சுக்கோங்க சார் என்றும் சேர்த்துக்கொண்டாள்.

முதலில் கையெழுத்து வரட்டும், மற்றதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று வெர்லின் மரியாதையாக ஒரு கடிதம் எழுதிப் போட்டார். மூன்று வாரம் ஆயிற்று, பதில் இல்லை.

உரிமையாளர் வாயைத் திறக்காவிட்டால் வேறொரு வழி உண்டு என்று கிளெண்டா சொன்னாள். குதிரையை நான்கு பக்கமும் படம் எடுத்து, உயரத்தை அளந்து அனுப்பினால், பதிவில் இருப்பது இதுதானா என்று அவர்கள் சரிபார்ப்பார்கள். அதன்பின் மேலிடத்தில் கேட்டுப் பார்க்கலாம்.

இங்கே யாரும் குதிரையைச் சவரம் செய்யாமல் படம் எடுக்க மாட்டார்கள். வெர்லின் மட்டும் விட்டுவிடுவாரா? மெஷினை இரவல் வாங்கி, பஸ் எஞ்சினைப் பிரித்துப்போடுகிற சிரத்தையோடு காதிலிருந்து குளம்பு வரை வழித்தார். மேல்முடி போனதும் உள்ளே கறுப்பு இல்லை, எலிச்சாம்பல். பாதியில் நிறுத்தினால் இன்னும் அசிங்கம் என்று முழுதும் வழித்தார். பிடரிமயிரின் கடைசியில் நாலைந்து அங்குலம் கலைந்து கிடந்தது. அதையும் எடுத்து நேராக்கினார்.

அங்கேதான் வினை. பெரிய குதிரையைத் தோள்மேட்டில் அளப்பார்கள். குள்ளக் குதிரையைப் பிடரியின் கடைசி மயிர் எங்கே முடிகிறதோ அங்கே அளப்பார்கள். ஹனி பிஸ்கட்டின் கடைசி மயிர் இப்போது கழுத்தில் பாதி தூரம் ஏறிப் போயிருந்தது. வெர்லின் விதிப்படி அளவுகோலை வைத்தார். முப்பத்தைந்தரை. முப்பத்து நாலைத் தாண்டினால் அது குள்ளக் குதிரையே இல்லை. ஆனாலும் அவர் பார்த்ததைப் பார்த்தபடி எழுதி அனுப்பினார். நேர்மையான மனுஷர், அதனால்தான் அவருக்கு எந்தக் காரியமும் சுலபத்தில் முடிவதில்லை.

கிளெண்டா தானே கூப்பிட்டாள்.

"சார், எங்க பதிவுல இருக்கறது கறுப்பு, முப்பத்திரண்டு அங்குலம். நீங்க அனுப்பியிருக்கறது சாம்பல், முப்பத்தைந்தரை. இது எந்தக் குதிரை?"

"அதே குதிரைதாம்மா. சவரம் பண்ணியிருக்கேன்."

"சவரம் பண்ணினா வளருமா சார்?"

வெர்லின் விளக்கினார். விளக்க விளக்க அவருக்கே சந்தேகம் வந்தது. கடைசியில் அவள் இரக்கப்பட்டு, வால்மயிர் கொஞ்சம் வேரோடு அனுப்புங்கள், பரம்பரைப் பரிசோதனையில் தெரிந்துவிடும் என்றாள். வேரோடு பிடுங்கினால் வலிக்கும் என்று வெர்லின் கத்தரிக்கோலால் வெட்டி, ஒரு பை நிறைய அனுப்பினார். வேர் இல்லாத மயிர் எதற்கும் உதவாது என்று திரும்பி வந்தது. கூடவே இன்னொரு தாளும் வந்தது. ஒரு குதிரையின் நம்பரில் வேறு குதிரையைப் பதியப் பார்ப்பதாக மேலிடத்துக்குச் சந்தேகம், ஆகவே உரிமையாளர் நேரில் வந்து கையெழுத்துப் போடும்வரை இந்தப் பதிவில் யாரும் கை வைக்க முடியாது.

வெர்லினின் கோபம் முழுக்க அந்த முகம் தெரியாத உரிமையாளர் பக்கம் திரும்பியது. டாலஸில் ஒரு பல் டாக்டரைக் கற்பனை செய்துகொண்டார். வெள்ளைத் தொப்பி, பன்னிரண்டு குதிரைகள், அதில் ஒன்று குறைந்ததுகூடத் தெரியாத திமிர். தினம் காலையில் முட்டை பொரிக்கும்போதே அந்த ஆளைத் திட்ட ஆரம்பித்துவிடுவார்.

இரண்டாவது கடிதம் கொஞ்சம் காரமாகப் போனது. மூன்றாவதில், வாயில்லாத ஜீவனைக் கொட்டகையில் விட்டுவிட்டுப் போக எப்படி மனசு வந்தது என்று கேட்டார். நான்காவதில், ஒரு கையெழுத்துப் போடக்கூட எழுந்திருக்க முடியாத அளவுக்கு அப்படி என்ன தூக்கம் என்று கேட்டார். ஐந்தாவது கடிதத்தைச் சமையலறை மேஜையில் உட்கார்ந்து எழுதும்போது அழுதுவிட்டார். "என் மனைவி ஆயுசு முழுக்க இப்படி ஒரு குதிரைக்கு ஆசைப்பட்டாள். நான் வாங்கித் தரவில்லை. உங்களுக்குக் கிடைத்தது, நீங்கள் விட்டுவிட்டீர்கள். நம் இருவரில் யார் பெரிய பாவி என்று தெரியவில்லை," என்று எழுதி, பத்து தடவை படித்துப் பார்த்து, அனுப்பியும்விட்டார். ஆறிலும் ஏழிலும் வெறும் வசவுதான்.

ஆகஸ்டில் ஏழு கடிதங்களும் ரப்பர் பேண்டு போட்டு ஒரே கட்டாகத் திரும்பி வந்தன. ஒன்றைக்கூட யாரும் பிரிக்கவில்லை. வாடகை கட்டாததால் பெட்டி மூடப்பட்டது என்று ஒவ்வொன்றிலும் முத்திரை. அதன் கீழே பதிவு அலுவலகம் ஒட்டிய சீட்டில் 'பதிவு உரிமையாளர், தபால் பெட்டி 61, ப்ளம் க்ரீக்' என்று இருந்தது.

ப்ளம் க்ரீக் இருபது மைல் தூரம். டாலஸ் டாக்டர் இத்தனை நாளும் இருபது மைலில் ஒளிந்துகொண்டிருந்தாரா? வெர்லின் இஸ்திரி போட்ட சட்டையை மாட்டிக்கொண்டார். விண்ணப்பத்தையும் இரண்டு பேனாக்களையும் எடுத்துக்கொண்டார். பார்த்தால் அந்த ஆளுக்குக் கொஞ்சமாவது உறுத்தட்டும் என்று ஹனி பிஸ்கட்டையும் பின்சீட்டில் ஏற்றிக்கொண்டார்.

ப்ளம் க்ரீக் தபாலாபீசில் ஒரே ஒரு ஜன்னல். அதன் பின்னால் டாட்டி என்ற வயதான அம்மாள் ஈ அடித்துக்கொண்டிருந்தாள். வெர்லின் கடிதக் கட்டை அவள் முன்னால் வைத்து, அறுபத்தோராம் நம்பர் பெட்டிக்காரர் எங்கே இருக்கிறார் என்று கேட்டார். அதெல்லாம் சொல்லக் கூடாது என்றாள் டாட்டி. அவர் நான்கு மாதக் கதையையும் நின்ற இடத்தில் நின்றபடி கொட்டித் தீர்த்தார். சிவப்பு வட்டம், சவரம், வால்மயிர் ஒன்றையும் விடவில்லை.

"பேரு வேண்டாம்மா. ஒரு குதிரையை வாங்கி, அம்போன்னு விட்டுட்டுப் போன அந்த ஆள் எப்பேர்ப்பட்ட ஆளுன்னு மட்டும் சொல்லுங்க. நான் வீட்டுக்குப் போயிடறேன்."

டாட்டி ஈ அடிக்கும் மட்டையைக் கீழே வைத்தாள். ஜன்னல் வழியாக வெளியே பிக்கப்பைப் பார்த்தாள். பின்சீட்டுக் கண்ணாடியில் மூக்கை வைத்து அழுத்திக்கொண்டு மொட்டைக் குதிரை நின்றது. அவளுக்குக் கோபம் வந்துவிட்டது.

"அந்தம்மாவை அப்படியெல்லாம் பேசாதீங்க ஐயா. வாராவாரம் செவ்வாய்க்கிழமை தவறாம அதுக்குக் கேரட் வாங்கிட்டுப் போவாங்க. புருஷனுக்குக் குதிரைன்னாலே ஆகாதாம், வீட்டுக்குக் கடுதாசி வந்தா தெரிஞ்சுடும்னு பொறந்த வீட்டுப் பேர்ல இங்க பெட்டி எடுத்து ஆறு வருஷமா வச்சிருந்தாங்க. இந்த ஜனவரிலேருந்துதான் காணோம். நோரீன்னு பேரு."