சுந்தரலிங்கம் படித்து வந்த மௌனம்

கலைஞர்களில் ஓர் இனம் உண்டு. மேற்படிப்பு முடித்து ஊர் திரும்பியவர் என்று அதற்குப் பெயர் வைக்கலாம். போகும்போது நன்றாக வாசித்துக்கொண்டிருப்பார். நன்றாக வாசித்ததால்தானே அனுப்பினார்கள்? திரும்பி வந்தபின் வாசிப்பு குறைந்து, வாசிப்பைப் பற்றிய பேச்சு கூடியிருக்கும். நீங்கள் பாராட்டினால், பாராட்டிய இடம்தான் தவறிய இடம் என்பார். தவறிவிட்டதே என்றால், வேண்டுமென்றே செய்தது என்பார். வாயை மூடிக்கொண்டு இருந்து பாருங்களேன். இந்த ஊரில் ரசிக்க ஆளில்லை என்பார்.

மாத்தளைக்கு இந்த இனத்தில் வாய்த்தவர் சுந்தரலிங்கம். றத்தோட்டைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றின் பெரிய கிளாக்கர் மகன், சாக்ஸபோன்காரர். சும்மா சொல்லக் கூடாது, அருமையான சாக்ஸபோன்காரர். அறுபதுகளின் நடுவில் புலமைப்பரிசில் கிடைத்து அமெரிக்காவுக்குப் போய், ஜாஸ் வாசிப்பில் பட்டத்துக்கு மேல் இன்னொரு பட்டம் வாங்கி வந்தார். ஜாஸுக்குக் கூடவா பட்டம் என்று நீங்கள் கேட்கலாம்; மாத்தளையும் கேட்டது. பல்லேபொல பஸ் புறப்படாமல் உறுமிக்கொண்டு நின்றால், தலையைச் சாய்த்துக் கேட்டு, மூன்றாவது அடி பிந்தி விழுகிறது என்று சாரதிக்கு எடுத்துச் சொல்வார். தேத்தண்ணிக் கடையில் கரண்டி கிளாசில் பட்டாலும் கண்ணை மூடிக்கொள்வார். எந்தப் பேச்சையும் "நாங்க அங்க இருந்தப்ப" என்றுதான் தொடங்குவார். அங்கே என்றால் அமெரிக்கா. இங்கே என்றால் ஒரு பெருமூச்சு.

அவரிடம் மாட்டிக்கொண்டவர் மர்சூக்; சுந்தரலிங்கத்துக்கு நானா, அதாவது அண்ணன் முறை. பகலில் மாத்தளைக் கடைத்தெருவில் மிளகும் கராம்பும் நிறுப்பவர். சனிக்கிழமை பின்னேரங்களில் றத்தோட்டைக்கு மேலேயுள்ள தோட்டத் துரைமார் கிளப் பேண்டில் ட்ரம்பெட் ஊதுகிறவர். வீட்டில் ஊத முடியாது, சுவரை ஒட்டிப் பள்ளிவாசல். கடையில் ஊதினால் வாடிக்கைக்காரர் ஓடிவிடுவார்கள். அல்லாஹ்வின் இந்தப் பெரிய உலகத்தில் மர்சூக் நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து ஊதுவதற்கு இருந்தது அந்தக் கிளப் ஒன்றுதான். அதற்குத்தான் ஆபத்து வந்தது. இசைத்தட்டுப் போட்டால் தானே பாடும் ரேடியோகிராம் பெட்டி ஒன்றை வாங்கி மூலையில் வைத்தால் அது வெற்றிலை கேட்காது, பிந்தி வராது என்று கிளப் செயலாளர் துரை கமிட்டியில் சொல்லிவிட்டார். வருகிற சனிக்கிழமை பேண்டைக் கேட்டுவிட்டு முடிவெடுப்பதாகப் பேச்சு.

அந்த வாரம் மர்சூக்குக்குச் சோறு இறங்கவில்லை. அமெரிக்காவில் படித்த ஆளே முன்னால் நின்று வாசித்தால் துரைமார் கொஞ்சம் யோசிப்பார்கள் என்று கணக்குப் போட்டு, தானாகவே தேடிப்போய்ச் சுந்தரலிங்கத்தைக் கூப்பிட்டார். யாரும் அவரைப் பிடித்துத் தள்ளவில்லை.

ஒத்திகையில்தான் விஷயம் தெரிந்தது. நல்ல அழகாகப் போய்க்கொண்டிருக்கும் மெட்டைச் சுந்தரலிங்கம் சட்டென்று நிறுத்துவார், கையைத் தூக்கி எல்லாரையும் நிறுத்துவார், சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்பார், பிறகு தொடங்குவார். மர்சூக் ட்ரம்பெட்டைக் கீழே வைத்துவிட்டார். ஏனென்றால் அந்தக் கிளப்பில் ஜோடி மாற்றும் ஆட்டம் என்று ஒன்று உண்டு. பேண்ட் நின்றால் ஆடுகிறவர்கள் பிடித்த கையை விட்டுவிட்டு, எதிரே யார் நிற்கிறார்களோ அவர்களோடு சேர்ந்து ஆட வேண்டும். வழக்கமாக மெட்டு முடிகிற இடத்தில்தான் பேண்ட் நிற்கும்.

"தம்பி, அந்த ஆட்டத்துல மட்டும் நடுவுல நிப்பாட்டாதீங்க," என்றார் மர்சூக். "நிப்பாட்டினா ஆள் மாறிருவாங்க."

"சத்தத்த யாரும் வாசிக்கலாம் நானா. மௌனத்த வாசிக்கத்தான் நான் ரெண்டு வருஷம் படிச்சேன்," என்றார் சுந்தரலிங்கம்.

மர்சூக் கீழே வைத்த ட்ரம்பெட்டை மறுபடி எடுத்துக்கொண்டார்.

சனிக்கிழமை வந்தது. அந்த ஆட்டமும் வந்தது. சுந்தரலிங்கம் கண்ணை மூடி ஊதினார். ஜோடிகள் நாலு அடி எடுத்து வைப்பதற்குள் மௌனம். எல்லாரும் கையை விட்டார்கள், மாறினார்கள். புது ஆளுக்கு மாலை வணக்கம் சொல்லி முடிப்பதற்குள் இன்னொரு மௌனம். தோட்டத்து டாக்டர் ஒருவர் ஒரு சீமாட்டியின் பெயரை விசாரிக்கத் தொடங்கி, பதிலை வேறொரு சீமாட்டியிடம் கேட்டார். செயலாளர் துரை எங்கே சுற்றினாலும் கடைசியில் தன் சொந்த மனைவியிடமே வந்து சேர்ந்தார். ட்ரம்ஸ் லெட்சுமணன் அடிக்கவா வேண்டாமா என்று கட்டையைத் தூக்கிப் பிடித்தபடி இருந்தார். மர்சூக்குக்கு அழுகை வந்துவிட்டது. இனி இந்த ஆயுசில் ட்ரம்பெட் இல்லை என்று முடிவு கட்டி, வேர்வையோடு கண்ணையும் துடைத்துக்கொண்டார்.

அப்போதுதான் யாரோ சிரித்தார்கள். பிறகு எல்லாரும் சிரித்தார்கள். கால்வலி என்று கதிரையில் உட்கார்ந்திருந்த சீமாட்டிகள் எழுந்து வந்தார்கள். பார் பக்கம் நின்றவர்கள் கிளாசை வைத்துவிட்டு ஓடி வந்தார்கள். ஆட்டம் முடிந்ததும் கைதட்டி இன்னொரு தரம் கேட்டார்கள். செயலாளர் துரை மூச்சு வாங்கிக்கொண்டு வந்து, இந்த வேலை பெட்டியால் முடியாது, பேண்ட் இருக்கட்டும், ஆனால் ஒவ்வொரு சனிக்கிழமையும் இது வேண்டும் என்று சொல்லிப் போனார். மர்சூக் அந்தப் பெருமகனாரைக் கட்டிப் பிடிக்காத குறை.

சுந்தரலிங்கம் சாக்ஸபோனைப் பெட்டியில் வைத்துப் பூட்டிக்கொண்டிருந்தார்.

"சிரிச்சாங்க நானா."

"சந்தோஷமாத்தானே சிரிச்சாங்க தம்பி?"

"அதான். இனிமே நான் இங்க வாசிக்க மாட்டேன்."

சொன்னபடியே செய்தார். மர்சூக் என்ன செய்வார்? அடுத்த சனிக்கிழமையிலிருந்து தானே முன்னால் நின்று ஊதினார். மனம் போன இடத்தில் தானே நிறுத்தினார். ஜோடிகள் மாறின, துரைமார் சிரித்தார்கள், ரேடியோகிராம் பேச்சு அடியோடு செத்தது. நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து ஊதும்போது மர்சூக்கின் முகத்தில் இருந்த மகிழ்ச்சியை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

சுந்தரலிங்கம் கிளப்புக்கே வராமல் இருந்தாரா? அதெப்படி? ஒரு சனிக்கிழமையும் தவறாமல் வந்தார். பார் ஓரக் கதிரையில் சாய்ந்து, கண்ணை மூடி, மர்சூக் நிறுத்திய ஒவ்வொரு இடத்தையும் ஊன்றிக் கேட்டார். பிறகு கிளாஸ் கழுவிக்கொண்டிருந்த இராமசாமியைக் கூப்பிட்டுத் தாழ்ந்த குரலில் சொன்னார்:

"நானாவோட மௌனத்துல இன்னும் பயிற்சி போதாது."

நல்லது, சிரியுங்கள். ஆனால் ஒன்று. இந்தக் கதையை இன்னும் கொஞ்சம் சரியாகச் சொல்லியிருக்கலாம் என்று இப்போது உங்கள் நாக்கு நுனியில் ஏதோ வந்து நிற்கிறதே, அதை நீங்கள் எங்கே போய்ப் படித்துவிட்டு வந்தீர்கள்?