வெறும் ‘வெயிட்’

அன்பும் மதிப்பும் மிக்க மாமாவுக்கு,

உங்கள் மருமகன் எழுதுவது. இங்கே நாங்கள் இருவரும் நலம். இருவரும் ஒரே நேரத்தில் நலமாக இருக்க ஒரு வாரம் பிடித்தது. போனில் மகளின் குரல் சரியில்லையே என்று கேட்டீர்கள். அவள் சொல்வதற்குள் நான் முந்திக்கொள்கிறேன்.

ஒரே அறையில் முதுகோடு முதுகாக உட்கார்ந்து நாங்கள் கர்னல் எழுதுகிறோம். கம்ப்யூட்டரின் எல்லாப் பாகங்களையும் வேலை வாங்கும் அடிப்படை நிரல் அது. டிஸ்க் என் பொறுப்பு, கீபோர்டு அவளுடையது. டிஸ்க் சுழல ஆரம்பிக்க இரண்டு விநாடி காத்திருக்க வேண்டும். அந்த எண்ணுக்கு ‘வெயிட்’ என்று பெயர் வைத்து, எல்லோரும் எடுத்தாளும் பொதுக் கோப்பில் போட்டேன். இப்படி வைக்கும் பெயருக்கு மேக்ரோ என்போம். பெயரைக் கண்ட இடமெல்லாம் கம்ப்யூட்டர் அந்த எண்ணைப் போட்டுக்கொள்ளும். அவளும் தன் கோப்பில் ஒரு ‘வெயிட்’ வைத்திருந்தாள், கண்ணிமைக்கும் நேரத்துக்கு. ஆனால் ‘இந்தப் பெயர் ஏற்கெனவே இருந்தால் என்னுடையது வேண்டாம்’ என்று பண்பாக ஒரு வரியும் எழுதியிருந்தாள். அது உங்கள் வளர்ப்பு. விளைவு, என் இரண்டு விநாடியே அங்கும் நுழைந்து, கீபோர்டில் ஓர் எழுத்தைத் தட்டினால் அது ஆற அமர வந்து சேர்ந்தது.

பாவம், தன் நிரலை இரண்டு முறை அழித்து எழுதினாள். நானோ திரும்பிக்கூடப் பார்க்காமல், “தப்பு உன் ப்ரோகிராம்லதான் எங்கயோ இருக்கும், பொறுமையா தேடு” என்றேன். அன்று வீட்டில் துணி மடித்துக்கொண்டே, “எனக்கு இந்த வேலையே வராதோ?” என்று கேட்டாள் மாமா. மறுநாள் அவள் மெஷினில் நானே தட்டிப் பார்த்தேன். அந்த இரண்டு விநாடியை எங்கேயோ பார்த்த மாதிரி இருந்தது. குற்றவாளி என் ‘வெயிட்’தான் என்று உடனே சொல்லிவிட்டேன்.

“உலகத்துலயே நீங்க ஒருத்தர்தான் காத்திருக்கிற மாதிரி வெறும் வெயிட்டா? எதுக்கு, யாருக்கு, எவ்வளவு நேரம்னு வேண்டாமா?” என்றாள். அன்றிலிருந்து தனியாகவே வீட்டுக்குக் கிளம்பினாள்.

ஒருவர் செய்யும் மாற்றத்துக்கு மற்றவர் ஒப்புதல் தர வேண்டும் என்பது ஆபீஸ் விதி; என் புதுப் பெயருக்கு அவள்தான் தர வேண்டும். மூன்று பெயர்களைத் திருப்பி அனுப்பினாள். நான்காவதாக, ‘டிஸ்க் சுழலக் காத்திருக்கும் மில்லிசெகண்ட்’ என்று ரயில் நீளத்துக்கு ஒன்று வைத்தேன். பதில் வந்தது: “இப்ப புரியுது. வாங்க, வீட்டுக்குப் போலாம்.”

அத்தைக்கு என் வணக்கம். உங்கள் ஆசி எங்களுக்கும் அந்தப் பொதுக் கோப்புக்கும் வேண்டும்.

அன்புள்ள,
மருமகன்

பி.கு.: கடிதத்தை ஒட்டுவதற்குள் இன்று ஸ்பீக்கர் ஊமையாகிவிட்டது. தேடினால், பொதுக் கோப்பில் வெறும் ‘ஓகே’ என்று ஒரு மேக்ரோ. வைத்தவர் உங்கள் மகள். பெயரை நானே மாற்றிவிட்டேன். ஒப்புதல் மட்டும் அவளிடம்தான் கேட்க வேண்டும். இப்போதுதான் சிரிக்க ஆரம்பித்திருக்கிறாள். எப்படிச் சொல்வது, மாமா?