பார்க்கலாம் என்றவர் உலகம் பார்த்த கதை

'மாட்டேன்' என்னும் சொல்லை ஒருமுறையேனும் வாய்திறந்து சொல்லாமல் நாற்பது வயதைக் கடந்த ஆண்மகன் இந்நிலவுலகில் ஒருவரே இருந்தார். அவர் அரியலூரில் நிலக்கடலை மண்டி வைத்திருந்தார். பெற்றோர் இட்ட பெயர் ஒன்று அவருக்கு இருந்திருக்கத்தான் வேண்டும்; மண்டியின் பெயர்ப்பலகையைத் தவிர வேறெவரும் அதைப் பயன்படுத்தியதாக நான் அறியேன். ஊர் அவரைப் 'பார்க்கலாம்' என்றே அழைத்தது.

விலையை அடித்துக் கேட்கும் வியாபாரியிடம், "பாக்கலாங்க." கூலியை உயர்த்தச் சொல்லும் மூட்டைத் தொழிலாளியிடம், "பாக்கலாம்ப்பா." கூத்துக்கு நன்கொடை கேட்டு வருவோரிடம், இன்முகத்துடன், "வாங்க, உக்காருங்க, பாக்கலாம்." இலக்கணப்படி அச்சொல் இசைவையும் குறிக்கும், இயலும் என்பதையும் குறிக்கும். அவர் நாவிலோ அது மறுப்பை மட்டுமே குறித்தது. இந்நுட்பம் அரியலூர்க்காரர்க்குத் தெரியும், வெளியூரார்க்குத் தெரியாது. உடையார்பாளையத்திலிருந்து புதிதாக வந்து கடை வைத்த முடிதிருத்துநர் ஒருவர், "மீசைய எடுத்துடலாங்களா?" என்று கேட்டிருக்கிறார். இவரும் வழக்கமான விடையைச் சொல்லியிருக்கிறார். மறுநாள் மண்டிக்கு வந்தவர்கள் முதலாளி எங்கே என்று முதலாளியிடமே கேட்டார்கள்.

நான் அப்போது பள்ளியில் புதிதாக அமர்ந்த தமிழாசிரியன். மண்டியின் மாடியறையில் குடியிருந்தேன். ஆதலின், அவர் வாழ்வை உலுக்கிய அந்தப் 'பார்க்கலாம்' பிறந்த வேளையில் நானும் அங்கே இருந்தேன்.

அவருடைய தமக்கையார் பெரம்பலூரில் வாழ்க்கைப்பட்டவர். தாயை இழந்த தம்பியை இடுப்பில் சுமந்து வளர்த்தவர். அவர் வந்து இறங்கினால் மண்டியின் தராசுத் தட்டுகூட அசையாது. நாற்பத்தேழாம் ஆண்டுத் தைமாதத்தில் ஒருநாள் அவர் வந்தார். நேரே கூடத்தில் அமர்ந்தார்.

"தம்பி, ஒனக்குக் கல்யாணமாயி இத்தன வருசமாச்சு. இந்த வூட்டுல ஒரு தொட்டில் ஆடல. குஞ்சம்மாவ நான் கொற சொல்லல, அவ நல்லவ. ஆனா வம்சம்னு ஒண்ணு இருக்குல்ல? எம் பொண்ணு இருக்கா, முறையும் இருக்கு. ரெண்டாந்தாரமா இருந்தா என்ன, மாமன் வூடுதானே? பங்குனியில வெச்சுக்கலாமா?"

உள்ளே ஆட்டுக்கல்லின் ஓசை நின்றது. அவருடைய மனைவி குஞ்சம்மாள் அண்ணி மாவரைத்துக்கொண்டிருந்தார்.

இவர் தரையைப் பார்த்தபடி, "பாக்கலாங்க்கா" என்றார்.

தமக்கையார் பெரம்பலூரில் வாழ்ந்த ஆண்டுகள் அதிகம்; அரியலூர்ப் பொருள் அவருக்கு மறந்துவிட்டது. மகிழ்ச்சியோடு எழுந்தார், ஊருக்குப் போனதும் நாகசுரத்துக்கு முன்பணமே கொடுத்துவிட்டார்.

"அண்ணே, வேண்டாம் என்று ஒரு சொல் சொல்லிவிட்டால் தீர்ந்ததே" என்றேன்.

"அதெப்புடி வாத்தியாரே சொல்றது? அக்காவாச்சே."

"அண்ணிக்கு என்ன விடை சொல்வீர்கள்?"

அவர் வெகுநேரம் ஒரு கடலையை உரித்துக்கொண்டிருந்தார். "அதான் வாத்தியாரே தெரியல" என்றார்.

ஒரு கிழமைக்குப் பிறகு வழி கிடைத்தது. இரண்டாம் திருமணத்துக்கு முன் முதல் மனைவியோடு காசியில் நீராடி வருவதாகத் தமக்கைக்குச் சொல்லியனுப்பினார். கங்கையை மறுக்கும் துணிவு பெரம்பலூருக்கும் இல்லை. கடலைச் சாக்குகளைக் கத்தரித்துத் தோளில் மாட்டும் பட்டைகள் வைத்துத் தாமே இரண்டு பைகள் தைத்தார். ஒன்று தமக்கு, மற்றொன்று மனைவிக்கு. இருவரும் முதுகில் அவற்றை மாட்டிக்கொண்டு புகைவண்டி நிலையத்துக்கு நடந்தபோது, தேநீர்க்கடைக்காரர் கேட்டார்: "என்னண்ணே, ஏத்துமதிய முதுகுலயே ஆரம்பிச்சிட்டீங்களா?"

அவர் பத்தடி முன்னே நடந்தார். அண்ணி பத்தடி பின்னே நடந்தார். அக்காலத்தில் அதுவே ஒழுங்கு.

பங்குனி வந்தது. அவர்கள் வரவில்லை. சித்திரை போயிற்று. நாகசுரக்காரர் முன்பணத்தோடு வேறு திருமணத்துக்குப் போய்விட்டார். தமக்கையார் வாரந்தோறும் பேருந்தேறி வந்து, தம்பி எங்கே என்று என்னைக் கேட்டார். எனக்கும் தெரியாது. நடந்தவற்றையெல்லாம் அவர்கள் திரும்பி வந்த பிறகே, இருவரும் மாறிமாறிச் சொல்லக் கேட்டறிந்தேன்.

காசிக்குப் போனவர்கள் விருப்பமான ஒன்றை அங்கே விட்டுவிட்டு வரவேண்டும் என்பது மரபு. விட்டதைப் பின்னர்த் தொடுதல் கூடாது. நீராடிக் கரையேறியதும் அண்ணி கேட்டிருக்கிறார்:

"நீங்க என்னத்த வுட்டீங்க?"

"பாவக்கா."

"நீங்க பாவக்காயத் தொட்டதே கெடையாதே."

"அதான் வுடுறதுக்குச் சுளுவா இருந்துச்சு. நீ?"

"நான் பெரம்பலூர வுட்டுட்டேன்."

இவர் திடுக்கிட்டிருக்கிறார். "அப்ப பங்குனிக்கு?"

"பாக்கலாங்க" என்றாராம் அண்ணி.

அரியலூர்ப் பொருள் இவருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. நிலையத்தில் ஊருக்குப் போகும் வண்டி ஒரு பக்கம் நின்றது. கல்கத்தா வண்டி மறுபக்கம் நின்றது. இவர் கல்கத்தா வண்டியில் ஏறினார். பின்னால் வந்த அண்ணியும் ஏறினார்.

கல்கத்தாவில் இறங்கியும் ஊர்ப்பக்கம் திரும்ப மனமின்றிக் கப்பலேறத் துணிந்தார்கள். கப்பல் அலுவலகத்தில் பயணத்தாள் எழுதிய எழுத்தர் நம் பக்கத்தவர். இவர் தண்ணீர் குடிக்கப் போயிருந்த நேரத்தில் அவர் அண்ணியிடம், "ஊட்டுக்காரர் பேரு என்னம்மா?" என்று கேட்டார். கணவன் பெயரைச் சொல்வது எவ்வாறு? அண்ணி நாணத்தோடு, "எல்லாரும் பாக்கலாம்னு சொல்லுவாங்க" என்றார். எழுத்தர் அப்படியே எழுதினார். அன்று தொடங்கி இரங்கூன், பினாங்கு, சயாம் ஆகிய இடங்களிலெல்லாம் அரசாங்க அலுவலர்கள் எழுந்து நின்று 'திருவாளர் பார்க்கலாம்' என்று உரக்க அழைத்தார்கள். ஊரில் கேலியாக இருந்த பெயர் கடல் கடந்ததும் முத்திரை பெற்றுவிட்டது.

இரங்கூனில் இறங்கிய அன்றே இடர் நேர்ந்தது. இவர் வழக்கம்போல் முன்னே நடந்தார். தெருவில் திரும்பி மனைவியைப் பார்ப்பது ஆண்மகனுக்கு அழகன்று என்பதால், முகத்தை நேரே வைத்தபடியே பின்னால் பேசிக்கொண்டு போனார். "கால் வலிக்குதா? கோயில் மண்டபம் கிட்டத்தான் இருக்காம். பசிக்குதா?" மறுமொழி வரவில்லை. சினமென்று எண்ணி, மேலும் கனிவாக, "எம்மேல என்ன கோவம், சொல்லேன்" என்று ஒரு முழுத் தெருவுக்கும் சொல்லிக்கொண்டு போனார். இறுதியில் பொறுக்காமல் திரும்பினால், பின்னே ஒரு பர்மிய மூதாட்டி, வாழைத்தண்டு பருமனுக்குச் சுருட்டொன்றைப் புகைத்தபடி, பேச்சு சுவையாக இருந்ததால் தொடர்ந்து வந்துகொண்டிருந்தார்.

அண்ணி கிடைக்க மாலையாயிற்று. ஒரு கடலைக்காரியின் கூடையருகே அமர்ந்து, சொத்தைக் கடலையைப் பொறுக்கித் தந்துகொண்டிருந்தாராம். "கடல எங்க இருக்கோ அங்க நீங்க வந்துதானே ஆவணும்?" என்று மட்டும் கேட்டிருக்கிறார். அதன்பின் இருவரும் இணையாகவே நடந்தார்கள்.

பினாங்கில் ஒரு சீனர் கடையில் இருவரையும் அமர்த்திப் பாலில்லாத தேநீர் கொடுத்தார்கள். நம் பக்கத்தில் பாலில்லாமல் கொடுப்பது இழவு வீட்டில் மட்டுமே. அண்ணி கிண்ணத்தைத் தொடாமல், முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, கடைக்காரரின் மனைவியிடம் மெல்ல, "எப்ப ஆச்சு? பெரியவங்களா?" என்று கேட்டார். அந்த அம்மையாருக்கு ஒன்றும் விளங்கவில்லை; எனினும் அண்ணியின் கண்ணீரைக் கண்டு தாமும் கலங்கிவிட்டார். இரண்டு பெண்களும் தோளைப் பற்றிக்கொண்டு, இறவாத ஒருவருக்காக அழுதார்கள். பிறகு அண்ணியை அவ்வம்மையார் விடவில்லை. ஒரு திங்கள் தம் வீட்டிலேயே வைத்துக்கொண்டு, குச்சிகளால் உண்ணக் கற்றுக்கொடுத்தார்.

சயாமில் குற்றம் இவருடையது. உணவுக் கடையில் விளையாடிய குழந்தையின் தலையை நம் வழக்கப்படி வருடினார். கடையே உறைந்துபோயிற்று. அந்நாட்டில் தலை தூயது, பிறர் தொடலாகாது, கால் தாழ்ந்தது என்று ஒருவர் சைகையால் உணர்த்தினார். பதறிப்போன இவர், மன்னிப்புக் கேட்பதாக எண்ணி, குழந்தையின் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். முன்னதைவிட இது பெரிய அதிர்ச்சியாயிற்று. குழந்தை மட்டும் சிரித்துக்கொண்டு மற்றொரு காலையும் நீட்டியது. பிறகு எல்லாரும் சிரித்தார்கள். அவ்வூரில் இருந்தபோதுதான் நம் நாடு விடுதலை பெற்ற செய்தி வந்தது. ஒருவர் ஓடிவந்து இவர் கையைக் குலுக்கி, "உங்கள் நாடு இனி நன்றாக இருக்கும்" என்ற பொருளில் ஏதோ சொல்லியிருக்கிறார்.

"பாக்கலாங்க" என்றாராம் இவர். நல்ல வேளையாக, அங்கே அரியலூர்க்காரர் எவருமில்லை.

மறு ஆண்டு ஆடியில் நாகப்பட்டினத்தில் கப்பலிறங்கி ஊர் வந்து சேர்ந்தார்கள். அரியலூர் அன்று கண்ட காட்சி வியப்புக்குரியது. கணவனும் மனைவியும் முதுகில் சாக்குப்பையோடு, கைகள் உரசும்படி, கடைத்தெருவின் நடுவே இணையாக நடந்து வந்தார்கள். தேநீர்க்கடைக்காரர் தேநீரைத் தம் கையிலேயே ஊற்றிக்கொண்டார்.

"ஏன் அண்ணி, பின்னால நடக்க எடமில்லியா?" என்று கேட்டார் அவர்.

"பின்னால வந்தா காணாப் போயிடுவேன் தம்பி. ஒருதரம் போயிட்டேன்" என்றார் அண்ணி.

மண்டியில் கடலை பொறுக்கிய பெண்கள் நடுவே அண்ணி அமர்ந்து, இரண்டு குச்சிகளால் சொத்தைகளை மட்டும் கவ்விக் கவ்வி எறிந்தார். பார்க்க வந்த கூட்டத்தால் இரண்டு நாள் வியாபாரம் நடக்கவில்லை.

மூன்றாம் நாள் பெரம்பலூர்ப் பேருந்து வந்தது. தமக்கையார் கையில் நிச்சயத் தாம்பூலத் தட்டு இருந்தது. என்னையும் மாடியிலிருந்து இறக்கிச் சாட்சியாக அமர்த்தினார்.

"ஊரெல்லாம் சுத்தியாச்சு. சாதிசனம் சிரிச்சாச்சு. நான் ஒண்ணும் கேக்கல. ஆவணியில மொத முகூர்த்தம். என்ன தம்பி, என்ன சொல்ற?"

குஞ்சம்மாள் அண்ணி தூணருகே நின்றார். அவர் முகத்தை நான் பார்க்கவில்லை, பார்க்க இயலவில்லை. இவர் வாய் எந்தச் சொல்லுக்குக் குவியும் என்பது எங்கள் எல்லாருக்கும் தெரியும். அச்சொல்லைக் கேட்டதும் தட்டை மாற்றிவிட்டுப் புறப்படத் தமக்கையாரும் ஆயத்தமாக இருந்தார்.

"பாத்துட்டேங்க்கா" என்றார்.

வாழ்நாளெல்லாம் வருங்காலத்திலேயே வாழ்ந்த வினை அன்று இறந்தகாலத்துக்கு வந்தது.

"என்னத்தடா பாத்த?"

"ரெங்கோன்ல இவளத் தொலைச்சுட்டேன்க்கா. பொழுது சாயுற மட்டும் தேடுனேன். ஊரு பெரிய ஊரு, தங்கத்துல கோபுரம், என்னென்னமோ இருக்கு. எதுவும் கண்ணுல படல. இவ இல்லாத ஊரு எப்புடி இருக்கும்னு அன்னிக்கே பாத்துட்டேன். போதுங்க்கா" என்றார்.

தமக்கையார் தம்பியைப் பார்த்தார். தூணருகே நின்றவரைப் பார்த்தார். மடியிலிருந்த தட்டைப் பார்த்தார். பிறகு அதிலிருந்து ஒரு வெற்றிலையை எடுத்துக் காம்பைக் கிள்ளினார், சுண்ணாம்பு தடவினார், பாக்கை வைத்து மடித்துத் தம் வாயில் போட்டுக்கொண்டார். நிச்சயத் தாம்பூலம் அங்கேயே மெல்லப்பட்டுவிட்டது.

"பாக்கு நல்ல பாக்கு. வீணாப் போவக் கூடாது பாரு" என்றார். தட்டை அண்ணியிடம் நீட்டி, "நீயும் போட்டுக்க" என்றார்.

அண்ணி எடுத்துக்கொண்டார். தமக்கையாரின் அருகே அமர்ந்து மடித்துப் போட்டுக்கொண்டார்.

தமக்கையாரைப் பேருந்தேற்ற நான் உடன் சென்றேன். வண்டியில் ஏறி அமர்ந்த பிறகு சாளரத்தின் வழியே என்னை அழைத்தார்.

"வாத்தியாரே, எம் பொண்ணுக்கும் இதுல அம்புட்டு இஷ்டமில்ல. எனக்குத் தெரியும். பெரம்பலூர்லயே ஒரு எடம் இருக்கு." வெற்றிலைச் சாற்றை உமிழ்ந்துவிட்டு, முந்தானையால் வாயைத் துடைத்தார், கூடவே கண்ணையும் துடைத்தார். "வேணாம்னு மூஞ்சிக்கு நேரா சொன்னா நான் அழுதுடுவேன்னுதான் அந்தப் பைத்தாரப்பய கப்பலேறிச் சுத்தியிருக்கான். அவன் காலப் பாத்தீங்களா? வீங்கிக் கெடக்கு. வெந்நில உப்புப் போட்டு ஊத்தச் சொல்லுங்க. குஞ்சம்மாகிட்டச் சொல்லுங்க, அவ சொன்னாத்தான் அவன் கேப்பான்."

வண்டி புறப்பட்டது. அந்தச் செய்தியை ஏந்திக்கொண்டு நான் மண்டியை நோக்கி ஓட்டமும் நடையுமாகச் சென்றேன். பின்னாளில் எத்தனையோ அவைகளில் எத்தனையோ உரைகள் ஆற்றிவிட்டேன். அவ்வளவு மகிழ்ச்சியோடு நான் எதையும் எவரிடமும் எடுத்துச் சொன்னதில்லை.