நாங்கள் அக்கா தங்கை இல்லை

என் சுண்டெலிக்கு,

கடிதம் என்றால் முதல் வரியில் நலம் எழுத வேண்டும். நான் நலம் என்றால் பொய். செத்தவளிடம் நலம் விசாரித்தால் அதைவிடக் கூத்து. அதனால் மரியாதையை இந்த மட்டில் முடித்துக்கொள்கிறேன். வாசலில் நின்றால் வாசலே தெரியாத உடம்புக்குச் சுண்டெலி என்று பேர் வைத்தவள் எழுதுகிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள், திருத்த நீ இல்லை.

சட்டம் வந்துவிட்டதடி. நீ மண்ணுக்குள் போன மறுமாதமே வந்துவிட்டது. இனி பொம்பளையும் பொம்பளையும் கல்யாணம் செய்துகொள்ளலாம், ஆம்பளையும் ஆம்பளையும் செய்துகொள்ளலாம். சங்கத்துப் பிள்ளைகள் தெருவில் ஆடினார்கள். எனக்கும் ஒரு வானவில் கொடி கொடுத்தார்கள். நான் அதில் மூக்கைச் சிந்தினேன். முதல் ஊர்வலம் உனக்கு நினைவிருக்கும், விரல் விட்டு எண்ணக்கூடிய ஆட்கள், வேலை போய்விடுமே என்று எல்லோர் தலையிலும் காகிதப் பை, நீ மட்டும் கண்ணுக்கு ஓட்டை போட மறந்து தபால் பெட்டியில் போய் முட்டிக்கொண்டாய். அடுத்த ஊர்வலத்தில் பை வேண்டாம் என்றாய், முகம் தெரிந்தது, போலீஸ் தடியால் தோள்பட்டையை உடைத்தது. அப்புறம் ஒரு சர்க்கார் நாம் குற்றவாளி இல்லை என்றது, அடுத்த சர்க்கார் குற்றவாளிதான் என்றது, அதற்கடுத்தது யோசிக்கிறேன் என்றது. நாம் படுத்ததென்னவோ அதே கட்டிலில். காலையில் ரேடியோ போட்டுத்தான் ராத்திரி செய்தது குற்றமா இல்லையா என்று தெரிந்துகொண்டோம்.

உன் அட்டையைச் சொல்லாமல் விடலாமா? ஊரெல்லாம் "உரிமை வேண்டும்" என்று எழுதிப் பிடிக்க, நீ "நாங்கள் அக்கா தங்கை இல்லை" என்று கொட்டை எழுத்தில் எழுதிப் பிடித்தாய். ரோட்டோரம் நின்ற ஆள் ஒருத்தர், "என்னம்மா, சொத்துத் தகராறா?" என்று கேட்டார். என்ன செய்வது, வீடு கேட்டுப் போன அன்றைக்கே வீட்டுக்காரம்மா நம் இருவரையும் ஏற இறங்கப் பார்த்து, நாம் வாய் திறப்பதற்குள் "அக்கா தங்கச்சியா? நல்லதாப் போச்சு" என்று சாவியை நீட்டிவிட்டாள். சாவி கையில் வந்தபிறகு யார் இல்லை என்பது? அன்றிலிருந்து தன் பெண்கள் அடித்துக்கொள்ளும்போதெல்லாம், "மாடியில பாருங்கடி, எப்படி ஒத்துமையா இருக்காங்க" என்பாள். ஒருநாள் கதவுக்குப் பின்னால் உன் அட்டையைப் பார்த்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். நமக்குள் சண்டை, உறவை முறித்துக்கொண்டோம் என்று நினைத்து, டீ போட்டுக்கொண்டு வந்து, நம் கையைப் பிடித்துச் சேர்த்துவைத்தாள். நமக்கு நடந்த கல்யாணம் அது ஒன்றுதான்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். உன் பக்கத்தில் ஒரு குழிக்கு இடம் இருக்கிறது. அதை உயிரோடு இருக்கும்போதே எழுதி வாங்கிக்கொள்ளலாம், ஆனால் கட்டின துணைக்கு, இல்லையென்றால் கூடப்பிறந்தவர்களுக்குத்தான். இரண்டும் இல்லாவிட்டால் வரிசையில் அடுத்த ஆளுக்கு. அடுத்த ஆள் யார் தெரியுமா? ஒரு ரிட்டையர்டு போலீஸ்காரர். இழுத்துக்கொண்டு கிடக்கிறாராம். இருந்தவரைக்கும் உன்னை விரட்டியது போதாதா, செத்தும் பக்கத்தில் வந்து படுக்கப்போகிறார். விடுவேனா, வீட்டுக்காரம்மாவைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு கல்லறை ஆபீசுக்குப் போனேன். சட்டையில் வானவில் பேட்ஜ் குத்திய ஒரு தம்பி உட்கார்ந்திருந்தான்.

"அவங்க உங்களுக்கு என்ன உறவும்மா?"

"எல்லாம்தான்."

"அப்படி ஒண்ணு இதுல இல்லையேம்மா. கல்யாணம்னா சர்டிபிகேட் வேணும்."

"அதுக்கு அவ எழுந்து வரணும்."

"அதாம்மா சிக்கல். சட்டம் உயிரோட இருக்கிற ஜோடிக்குத்தான். ஆனா நாங்க உங்க பக்கம்தாம்மா. பாருங்க, பேட்ஜ் குத்தியிருக்கேன்."

"அதைக் கழட்டி அந்த இடத்துல நட்டு வையேன். போலீஸ்காரர் வர்றதுக்குள்ள அந்த பேட்ஜாவது இடம் பிடிக்கட்டும்."

வேறு ஆதாரம் ஏதாவது இருக்கிறதா என்றான். எதைக் காட்டுவது? நாம் வேலை செய்த ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் கட்டில் விரிப்பின் அந்த முனையை நீயும் இந்த முனையை நானும் பிடித்து, மடித்து மடித்து நடந்து வந்தால் கடைசி மடிப்பில் கையும் கையும் சேரும். சூப்பர்வைசர் கண்ணெதிரே, சம்பளத்தோடு, நாள் முழுக்க. அந்த விரிப்பையா கொண்டுபோய்க் காட்ட முடியும்? இப்போது எனக்கு எதிரில் ஒரு புதுப் பெண். கை சேர்வதற்குள் முனையை விட்டுவிடுகிறாள்.

நான் விழிப்பதைப் பார்த்த வீட்டுக்காரம்மா முன்னே வந்தாள். "என்ன தம்பி ஆதாரம் கேக்கறே? கூடப்பொறந்தவங்க. அந்த மூக்கைப் பாரு, அவளுக்கும் இதே மூக்கு. நான் போடறேன் சாட்சிக் கையெழுத்து."

தம்பி முகம் மலர்ந்தது. "தங்கச்சியா? முதல்லயே சொல்லக்கூடாதாம்மா? ஒரே ஒரு கையெழுத்துதான்."

"நாங்க அக்கா தங்கச்சி இல்லை" என்றேன்.

"துக்கத்துல பேசறா தம்பி. இவங்களுக்குள்ள இது பழைய சண்டை. நானே ஒரு தடவை சமாதானம் பண்ணி வெச்சிருக்கேன்."

உன் அட்டையில் இருந்ததை வெளியாள் முன்னால் நான் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. கேட்டது இரண்டு பேர், நம்பியது ஒருத்தரும் இல்லை. எழுந்து வந்துவிட்டேன். நீ உடைந்த தோளோடு தூக்கிப் பிடித்த அட்டை அது. நான் எந்த மூலையில் புதைந்தாலும் சரி, தங்கை என்று மட்டும் கையெழுத்துப் போடமாட்டேன். இது உன்மேல் சத்தியம்.

சங்கத்துப் பிள்ளைகள் உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னார்கள். சட்டமும் உன்னைக் கேட்டதாக வைத்துக்கொள். மண் ஈரமாக இருக்கும், தோளுக்கு ஆகாது, பார்த்துப் படு.

உன்,
துணி மடிக்கிறவள்

பி.கு.: கடிதத்தை ஒட்டுவதற்குள், போலீஸ்காரருக்கு மேல்மூச்சு வாங்குகிறது என்று தகவல் வந்துவிட்டது. செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு ஓடினேன். போட்டுவிட்டேனடி கையெழுத்து. உறவு: தங்கை. பேட்ஜ் தம்பி கைகுலுக்கினான், வீட்டுக்காரம்மா அழுதாள். கல்லில் "உடன்பிறப்புகள்" என்று பொறிப்பார்களாம். அட்டையை என் சவப்பெட்டிக்குள் வைக்கச் சொல்லியிருக்கிறேன். நான் வந்து படுக்கும்போது கோபத்தில் அந்தப் பக்கம் திரும்பிக்கொள்வாயா, இல்லை, கடைசி மடிப்புக்கு நீட்டுகிற மாதிரி கையை நீட்டுவாயா?