அந்நியர் பொம்மையும் ஐந்து விரல் டைலும்

குழந்தைகளின் பாதுகாப்பைப் பற்றிப் பேசாத நாடு இந்த உலகத்தில் இல்லை. ஆனால் 'அந்நியர்' என்பவர் யார் என்று தீர்மானம் போட்டு, அவரைக் களிமண்ணில் செய்து, சூளையில் வேகவைத்து, பள்ளிக்கூட வாசலில் நிறுத்திய பெருமை விருத்தாசலத்துக்கு மட்டுமே உண்டு. அந்தப் பெருமையில் எனக்கும் ஒரு பங்கு இருக்கிறது. எங்கள் பள்ளியின் 'குழந்தைகள் பாதுகாப்புக் குழு'வுக்கு நான்தான் செயலாளர். என் மகள் காவியா அங்கே ஒன்றாம் வகுப்பு படிக்கிறாள் என்பது கூடுதல் தகுதி.

குழுத் தலைவர் விருத்தகிரி செராமிக் பொம்மைச் சூளை வைத்திருப்பவர். அந்நியரைக் கண்ணில் காட்டினால்தான் பிள்ளைகளுக்குப் புரியும், பொம்மை தன் பொறுப்பு என்று முதல் கூட்டத்திலேயே சொல்லிவிட்டார். கூட்டம் மூன்று மணி நேரம் நடந்தது. அந்நியருக்குப் பெரிய மீசை வைக்கலாம் என்றார் ஒருவர். விருத்தகிரியின் கை தன்னையறியாமல் மேலுதட்டுக்குப் போனதால் மீசை கைவிடப்பட்டது. மூக்குக்கண்ணாடி, தலைமை ஆசிரியை ஆதிலட்சுமியை முன்னிட்டுத் தள்ளுபடி ஆனது. வெள்ளை வேட்டி என்றதும் பாதிப் பேர் முறைத்தார்கள். லுங்கி என்றதும், வீட்டில் தாங்கள் கட்டுவது வேறென்ன என்று மீதிப் பேர் கேட்டார்கள். கடைசியில் மீசை இல்லாத, முடி இல்லாத, உடுப்பு இன்னதென்று தெரியாத ஓர் உருவம் 'ஏகமனதாக' நிறைவேறியது. அது விருத்தாசலத்தில் யாரைப் போலவும் இல்லை. பெண்ணாடம், சேத்தியாத்தோப்பு வரை யோசித்துப் பார்த்தும் அப்படி ஒருவர் அகப்படவில்லை. குழுவுக்கு முழுத் திருப்தி.

பிள்ளைகளுக்கும் அதை மிகவும் பிடித்துவிட்டது. எல்.கே.ஜி. வகுப்பு தினமும் அதற்கு பிஸ்கட் ஊட்டியது.

இரண்டாவது திட்டம் இன்னும் மகத்தானது. ஆளுக்கொரு ஈரக் களிமண் டைல். அதில் பிள்ளை தன் கையைப் பதிக்க வேண்டும். பயம் வந்தால் யாரிடமெல்லாம் ஓடுமோ அவர்கள் பெயரை விரலுக்கு ஒன்றாக ஈர்க்குச்சியால் எழுத வேண்டும். நிழலில் காய்ந்தபின் சூளைக்குப் போகும். "தாள்ல எழுதுனா கிழிஞ்சிபூடும். சூளைல வெந்துட்டா நூறு வருசத்துக்கு அழியாதுங்க" என்றார் விருத்தகிரி. காவியா கட்டைவிரலில் 'அப்பா' என்று எழுதினாள். அம்மாவுக்கு ஆள்காட்டி விரல்தான் கிடைத்தது. தெருவில் நாலு பேரிடம் சொல்லிக்கொண்டேன் என்பதை மறைக்கவில்லை.

மறுநாள் திட்டத் தொடக்க விழா. சிறப்பு விருந்தினர் ராஜாங்கம். களிமண் முதல் பந்தல் வரை அவர் உபயம். காவியா மேடையேறி, மைக்கைப் பிடித்து மூன்று பாதுகாப்பு விதிகளைச் சொன்னாள். தெரியாதவர் தொட்டால் வேண்டாம் என்று சத்தமாகச் சொல்ல வேண்டும். ஓட வேண்டும். கட்டைவிரல் ஆளிடம் போய்ச் சேர வேண்டும்.

ராஜாங்கம் நெகிழ்ந்துபோனார். அவளை இழுத்து மடியில் உட்காரவைத்துக் கன்னத்தைக் கிள்ளினார். "மாமாவுக்கு ஒரு முத்தம் குடு கண்ணு" என்றார். போட்டோக்காரர் முட்டி போட்டுக் காத்திருந்தார்.

"வேண்டாம்" என்றாள் காவியா.

மைக் இன்னும் அவள் கையில் இருந்தது. பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கேட்டிருக்கும். மடியிலிருந்து குதித்து, ஓடி, நேராக என்னிடம் வந்து என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். இதுதான் 'செயல்முறை விளக்கம்' என்று நினைத்துப் பெற்றோர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள்.

மேடையில் யாரும் கைதட்டவில்லை. ராஜாங்கத்தின் முகம் சுண்டிவிட்டது. விருத்தகிரி குனிந்தபடியே என்னிடம் வந்து, "செயலாளரே, புள்ளைக்கு எடுத்துச் சொல்லுங்க. பெரிய மனுசன் மனசு நோகக் கூடாது" என்றார்.

நான் கடமை தவறாதவன். "மாமா நமக்குத் தெரிஞ்சவங்கதாம்மா. சாரி சொல்லி ஒரு முத்தம் குடுத்துட்டு வா" என்றேன்.

"நீ அவர முன்னாடி பாத்துருக்கியாப்பா?"

நான் அன்று காலையில்தான் அவரை முதன்முதலாகப் பார்த்தேன். ஆனால் விழாவுக்கு நடுவில் இத்தகைய கேள்விகளுக்கு நேரம் ஒதுக்கப்படவில்லை. சட்டையைப் பிடித்திருந்த விரல்களை ஒவ்வொன்றாக நானே பிரித்தேன். தூக்கிக்கொண்டுபோய் அதே மடியில் உட்காரவைத்தேன். கண்ணை இறுக மூடிக்கொண்டு முத்தம் கொடுத்தாள். படம் மிக நன்றாக வந்திருந்தது.

அன்று வீட்டில் என் மனைவி பூர்ணிமா டீயைக் கொண்டுவந்து வைத்தாள். "சொல்லிக் குடுத்தபடிதான செஞ்சா? ஒங்ககிட்டதாங்க ஓடியாந்தா" என்றாள். சபை நாகரிகம் குறித்து அவளுக்கு அரை மணி நேரம் விளக்கினேன். அவள் காலி டம்ளரோடு உள்ளே போய்விட்டாள். விளக்கம் ஏற்கப்பட்டதாக எடுத்துக்கொண்டேன்.

குழு மறுநாளே அவசரமாகக் கூடி நான்காவது விதியைச் சேர்த்தது: 'மேடையில் அமர்ந்திருப்பவர், மாலை அணிவிக்கப்பட்டவர், குழுவுக்கு வேண்டியவர் ஆகியோர் அந்நியர் ஆகமாட்டார்கள்.' அந்த வாசகம் என்னுடையது. தலைவர் கைகுலுக்கினார்.

அதே நாளில் ஆதிலட்சுமி ஒரு தகவல் சொன்னார். டைல்கள் காயும் அறையில் காவியா தனியாக உட்கார்ந்து, விரலால் தண்ணீரைத் தொட்டுத் தொட்டு எதையோ தேய்த்துக்கொண்டிருந்தாளாம். பிள்ளைக்கு வேலையில் எவ்வளவு அக்கறை என்று இருவரும் மகிழ்ந்தோம்.

போன வாரம் டைல்கள் சூளையிலிருந்து வந்து பள்ளிச் சுவரில் ஏறின. காவியாவின் டைலில் நான்கு விரல்களில் பெயர் இருக்கிறது. கட்டைவிரல் வழவழவென்று வெறுமையாக இருக்கிறது. ஏதாவது செய்து அதில் பெயரைத் திரும்ப எழுத முடியுமா என்று விருத்தகிரியிடம் கேட்டேன்.

"வெந்தது வெந்ததுதாங்க. நூறு வருசத்துக்கு இப்படியேதான் இருக்கும்" என்றார்.

இப்போது காவியா தினமும் பள்ளி வாசலில் என் கையை விட்டுவிடுகிறாள். அந்நியர் பொம்மையின் அருகில் போய், தன் பங்கு பிஸ்கட்டில் ஒன்றை அதன் காலடியில் வைத்துவிட்டு உள்ளே போகிறாள். அதைக் கண்டு பயப்பட வேண்டும் என்று எத்தனை முறை சொல்லிக் கொடுத்தாலும் கேட்பதில்லை. கேட்க மாட்டாள்தான். வாசலில் நிற்கும் எங்கள் இருவரில், அவளை ஒருநாளும் யார் மடியிலும் தூக்கிக்கொண்டுபோய் வைக்காதது அது ஒன்றுதானே.