தொட்டி ஏணியும் அறுபத்திரண்டு பக்கமும்

எங்கள் அலுவலகத் தண்ணீர்த் தொட்டியின் உயரம் நாற்பது அடி. அதில் ஏறும் இரும்பு ஏணியில், மேலிருந்து மூன்றாவது படி ஒரு பக்கம் துருப்பிடித்து விட்டுப்போயிருந்தது. அதைப் பற்றவைக்க வெல்டரும், கயிறு பிடிக்க அவருடைய மச்சானும் வந்தார்கள். பெல்ட், கயிறு, தலைக்கவசம் எல்லாம் கையோடு இருந்தன. அரை மணி நேர வேலை.

"வேலை கிடக்கட்டும், ஆவணம் எங்கே?" என்றார் எங்கள் பாதுகாப்பு அதிகாரி.

ஆபத்தான வேலைக்கு முன்கூட்டியே திட்ட ஆவணம் வேண்டும் என்பது விதி. நல்ல விதிதான். அதைத் தட்டச்சு செய்யும் பாக்கியம் எனக்குக் கிடைத்தது. அதிகாரி சொல்லச் சொல்ல அடித்தேன். 'ஆபத்து: கீழே விழுதல். தடுக்கும் முறை: விழாமல் இருத்தல்.'

வெல்டர் எட்டிப் பார்த்தார். "பெல்ட் போடுவோம்னு எழுதலையா சார்?"

"அது பின்னிணைப்புல வரும். நீ இதைச் சொல்லு. சாகறதுக்கு எவ்வளவு வாய்ப்பு? ஒண்ணுலேர்ந்து அஞ்சுக்குள்ள ஒரு நம்பர்."

"செத்தா ஒரு தடவைதானே சார்?"

"அப்ப ஒண்ணு. குறைந்த ஆபத்து" என்று திருப்தியாகத் தலையாட்டினார் அதிகாரி.

மூன்று நாளில் அறுபத்திரண்டு பக்கம் தேறியது. நாற்பத்தோராம் பக்கத்தில்தான் மாட்டிக்கொண்டோம். அங்கே பழுதான படியின் போட்டோவை ஒட்ட வேண்டும்.

"இதோ, ஏறி எடுத்துட்டு வந்துடறேன்" என்றார் வெல்டர்.

"ஆவணம் முடியாம ஏறக் கூடாது."

"போட்டோ இல்லாம ஆவணம் முடியாதே சார்?"

அதிகாரி வெகுநேரம் யோசித்தார். "நீ ஏறினா அது வேலை. நான் ஏறினா அது ஆய்வு. ஆய்வுக்கு ஆவணம் வேண்டாம்."

"சரி, இந்தப் பெல்ட்டையாவது மாட்டிக்குங்க."

"பெல்ட் மாட்டினா அது உயரத்துல செய்யற வேலை ஆயிடும்யா. அப்புறம் அதுக்கு வேற ஒரு ஆவணம்!"

பாலிஷ் போட்ட ஷூவோடு ஏறினார். படி, ஆவணத்தில் கண்டபடியே பழுதாகி இருந்தது. மிதித்ததும் கழன்று விழுந்தது. அதிகாரி இரண்டு கையாலும் மேல்படியைப் பிடித்துத் தொங்கினார். அதற்குக் கீழே இருந்த படி கால் எட்டும் தூரத்தில்தான் இருந்தது. ஆனால் பயத்தில் கால்கள் அதைத் தேடாமல் காற்றில் நீந்தின.

"ஐயோ, காப்பாத்துங்க!"

வெல்டர் பெல்ட்டை மாட்டிக்கொண்டு ஓடிவந்தார். நான் குறுக்கே நின்றேன். "மீட்புத் திட்டம்ங்கற பக்கம் இன்னும் காலியா இருக்குங்க."

"அவனை ஏறச் சொல்லுய்யா!" என்று மேலிருந்து உத்தரவு வந்தது.

"வாய்மொழி உத்தரவு செல்லாதுன்னு எட்டாம் பக்கத்துல நீங்கதானே சார் சொன்னீங்க?" என்று கத்தினேன்.

மச்சான் என்னை அப்படியே தூக்கி ஓரமாக வைத்தார். வெல்டர் ஏறினார். அதிகாரியின் கால்களைப் பிடித்துப் படியில் ஊன்றவைத்து, கயிற்றால் கட்டி, மெல்ல இறக்கினார். தரையைத் தொட்டதும் அதிகாரி அவர் கையைப் பிடித்துக்கொண்டு விம்மி விம்மி அழுதார். "என் பொண்டாட்டி பிள்ளைங்களுக்கு இனிமே நீதான்யா தெய்வம்." எனக்கே கண் கலங்கிவிட்டது.

அழுது முடித்ததும் அறிக்கை எழுத உட்கார்ந்தோம். விபத்து என்று எழுதினால், 'விபத்தில்லா அலுவலகம்' என்ற பரிசு பறிபோகும். ஆளுக்கொரு பிளாஸ்க். அன்று வளாகத்தில் இருந்தவர்கள் எல்லோருக்கும் உண்டு என்றார் அதிகாரி. ஆகவே, 'மீட்புப் பயிற்சி இனிதே நடைபெற்றது. அதிகாரி அவர்கள் தாமாக முன்வந்து, பெல்ட் இல்லாமல் எட்டு நிமிடம் தொங்கிக் காட்டினார். அனைவரும் பெரும்பயன் அடைந்தோம்' என்று அடித்தேன். எல்லோரும் கையெழுத்துப் போட்டோம். வெல்டர் மட்டும் பேனாவை வைத்துக்கொண்டு தயங்கினார்.

"நல்ல பிளாஸ்க் மாமா, நாள் முழுக்கச் சூடு நிக்கும்" என்றார் மச்சான்.

வெல்டரும் போட்டார்.

பிளாஸ்க் வந்தது. கூடவே மேலிடத்திலிருந்து சுற்றறிக்கையும் வந்தது. பயிற்சி மிகச் சிறப்பாக இருப்பதால் இனி மாதந்தோறும் நடத்த வேண்டும். பயனடைந்ததாகக் கையெழுத்திட்ட ஒவ்வொருவரும் முறைவைத்து, அதே எட்டு நிமிடம், பெல்ட் இல்லாமல் தொங்க வேண்டும். விருப்பமில்லாதவர்கள், தாம் போட்டது பொய்க் கையெழுத்து என்று எழுதித் தந்து விலகிக்கொள்ளலாம்.

ஒருவரும் எழுதித் தரவில்லை. இந்த மாதம் என் முறை.